ஆறாவது அறை

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சுவர்மேல் பூச்சு இருந்தால் பிடிப்பதில்லை. பூசு என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் வந்து உரி என்கிறார்கள். செங்கல் தெரிய வேண்டுமாம். தெரிகிற செங்கல்லோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். செங்கல் தெரியாமல் இருக்கத்தானே மனுஷன் பூச்சு என்ற ஒன்றையே கண்டுபிடித்தான் என்று கொத்தனார் காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டார். கேட்பதற்குச் சித்தாள் மட்டும்தான் இருந்தாள்.

"சட்டை போட்டுக்கிட்டு இருக்கறவனைக் கூப்பிட்டு, கழட்டுடா, உன் விலா எலும்பு அழகா இருக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"உங்க விலா எலும்பை யாரும் கேக்கலை மாமா. உளியை நேரா புடிங்க. தூசியெல்லாம் என் கண்ணுலதான் விழுது."

சித்தாள் அவர் மனைவியின் தங்கை. பதினெட்டு வருடமாக அவருக்குச் சாந்துச் சட்டி தூக்கிக் கொடுக்கிறாள். ரசமட்டத்தை ஒரு முறை சுவரில் வைத்துப் பார்த்துவிட்டு, அதைத் தலைமாற்றித் திருப்பி இன்னொரு முறை வைத்துப் பார்க்காமல் அவர் அடுத்த கல்லை எடுக்க மாட்டார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழியும் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரையே ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவர்கள் உரித்துக்கொண்டிருந்தது பெரிய வீட்டின் முன்சுவர். வயல்களுக்கு நடுவே எண்பத்தொரு வருடமாக நிற்கிற செங்கல் வீடு. கட்டிக் குடியேறிய குடும்பத்தில் இப்போது மூன்றாவது தலைமுறை. வீட்டின் பின்பக்கம், சமையலறைச் சுவரை ஒட்டிப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு அறை இருந்தது. கொத்தனார் பிறந்தது அதில்தான். எழுபது வயதில் மனைவியோடு குடியிருப்பதும் அதில்தான். வருகிற திங்கட்கிழமை அதை இடிக்க வேண்டும். இடிக்கிற வேலையையும் அவருக்கே கொடுத்திருந்தார்கள்.

சின்னவர் அதை நல்ல விதமாகத்தான் சொன்னார். இப்போதைய வீட்டுக்காரர் அவர். ஐம்பது வயதாகியும் கொத்தனாருக்குச் சின்னவர்.

"வீட்டைத் தங்கற விடுதியா மாத்திடலாம்னு இருக்கேன் கொத்தனாரே. வயலை நம்பி இனிமே ஒண்ணும் ஆவப்போறதில்லை. பழைய கட்டட ஆபீஸ்ல ஒரு போர்டு குடுப்பாங்க. அது மாட்டினா வெளியூர்லேர்ந்து ஆளுங்க தேடி வருவாங்க. ஆனா ஒண்ணு. முதல்ல கட்டினது எதுவோ அது மட்டும்தான் நிக்கணுமாம். பின்னாடி ஒட்டவச்சதையெல்லாம் எடுத்துடணுமாம்."

"பின்னாடி ஒட்டவச்சது எது?"

சின்னவர் காதைச் சொறிந்துகொண்டார். "உங்க அறைதான். வீட்டைப் பத்தி அப்பா ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. அஞ்சு அறைன்னு போட்டிருக்கு. நானும் ரெண்டு தடவை எண்ணிட்டேன். உங்களது ஆறாவதா வருது."

"நாங்க எங்க போறது?"

"கொஞ்ச நாள் எங்கயாவது சமாளிங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னா யாரு பாக்கறது?" என்று கேட்டார் கொத்தனார். சின்னவர் சிரித்துவிட்டு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடித்த மாதிரியே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "மழை வந்தா சுவரெல்லாம் அழுவுது. தரை வேர்க்குது. போறதுக்கு ஒரு இடம் குடுத்தா நான் இப்பவே பாத்திரத்தைத் தூக்கிடுவேன்" என்றாள். பிறகு ஊதுவதை நிறுத்திவிட்டு, "குடுக்கணுமே" என்றாள்.

*

பழைய கட்டட ஆபீஸிலிருந்து வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அளவு நாடாவின் ஒரு முனையைச் சித்தாளிடம் கொடுத்துவிட்டு அறை அறையாக நடந்தாள். சின்னவர் நோட்டைப் படித்துக்கொண்டே பின்னால் வந்தார். பழுப்பேறிய கோடு போட்ட நோட்டு. கையெழுத்து நன்றாக இருந்தது. கையெழுத்து நன்றாக இருப்பதாலேயே அதில் எழுதியிருப்பது நிஜமாகிவிடாது என்று நினைத்துக்கொண்டே கொத்தனாரும் கூடப் போனார். அவரை யாரும் கூப்பிடவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"'வீட்டுக்கு வேண்டிய செங்கல்லை நாமே நம் நிலத்தில் அறுத்துச் சுட்டோம்'" என்று சின்னவர் படித்தார்.

"அறுத்தது எங்கம்மா" என்றார் கொத்தனார். "மண்ணு எடுத்த பள்ளம்தான் அந்தக் குட்டை. வீட்டைக் கழட்டி உள்ள போட்டா குட்டை சரியா நெறஞ்சிடும்."

ஆபீசம்மா ஜன்னல் வழியாகக் குட்டையைப் பார்த்தாள். நான்கு வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. அவள் எதையோ எழுதிக்கொண்டாள்.

நடுக்கூடத்தில் ஒரு கதவின் இரண்டு பக்கமும் செங்கல் வேறு நிறமாக இருந்தது. நோட்டில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. கொத்தனார்தான் சொன்னார். சின்னவரின் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு வண்டி மாட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு அந்த வழியை அடைத்தார்கள். பதினொரு வருடம் பேச்சு இல்லை. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒருநாள் இருமல் ராத்திரி முழுக்க நிற்கவில்லை. விடிந்ததும் தம்பியே கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அடைத்ததும் கொத்தனாரின் அப்பாதான். இடித்தபோது கூட நின்று கதவு நிலை வைத்ததும் அவர்தான்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதே" என்றார் சின்னவர். அவருக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. "சும்மா ஒரு கதவுன்னு நெனச்சேன்."

ஜன்னல் மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு கறைக்கோடு ஓடியது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் திரும்பி வந்துவிடும். சின்னவர் அதற்குரிய பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "'பெருவெள்ளத்தின்போது குடும்பத்தார் மூன்று நாள் பரணில் தங்கியிருந்தனர்.'"

"நாங்களும்தான் இருந்தோம். எங்கப்பா, எங்கம்மா, நான், ரெண்டு ஆடு. எனக்கு ஆறு வயசு. உங்கப்பா பெரிய பையன், அவரு மடியில தலையை வச்சு ஒரு ஆடு மூணு நாளும் தூங்குச்சு. அதை எழுதலையா?"

சின்னவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் பார்த்தார். ஆடும் இல்லை.

சித்தாள் நாடாவைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். "ஆட்டுக்கே இடம் இல்லைன்னா உங்களுக்கு எங்க மாமா இருக்கப்போகுது?"

கடைசியாகப் பின்பக்கம் வந்தார்கள். கொத்தனாரின் மனைவி கொடியில் காய்ந்த துணியை அவசரமாக எடுத்துக்கொண்டு வழிவிட்டாள். ஆபீசம்மா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கயிற்றுக் கட்டில், மண் அடுப்பு, கூரைவரை கரி ஏறிய சுவர், ஆணியில் தொங்கும் பை. "இதுதான் பின்னாடி சேத்த பகுதி இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் தாளில் இருந்த ஒரு கட்டத்தின் மேல் பென்சிலை வைத்தாள்.

"அம்மா" என்றார் கொத்தனார். "அஞ்சுன்னு நோட்டு சொல்லுது. சுவரு என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு அடிச்சிடுங்களேன்."

பென்சில் அப்படியே நின்றது.

*

பழைய சுவரோடு புதுச் சுவரை ஒட்டினால் நடுவில் நெட்டுக்கு ஒரு கோடு விழும். சாந்து பூசுகிற கரணையை விட்டால் உள்ளே போகும். இரண்டு சுவரையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் அப்படி வராது. மூலையில் இந்தச் சுவரின் கல் அந்தச் சுவருக்குள் போகும், அடுத்த வரியில் அந்தச் சுவரின் கல் இதற்குள் வரும். பல்லைக் கடித்த மாதிரி ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நிற்கும். இது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். ஆபீசம்மாளுக்கும் தெரிந்திருந்தது. "சரி, உரிங்க பாப்போம்" என்றாள்.

சமையலறைச் சுவரும் பின்னறைச் சுவரும் சேருகிற மூலையில் சித்தாள் ஏணியைச் சாத்தினாள். கொத்தனார் ஏறினார். வீடும் அறையும் ஒரே சமயத்தில் கட்டியவை என்று அவற்றைக் கட்டிய அவர் அப்பா சொல்லியிருந்தார். சொன்னதுதான். அப்பாவும் மனுஷர்தானே. கொத்தனார் பிறப்பதற்குப் பதினொரு வருடம் முன்னால் நடந்த வேலை. யார் பார்த்தது?

பூச்சில் முதல் பத்தை பெயர்ந்து விழுந்தது. ஊதிப் பார்த்தார். இரண்டாவதையும் எடுத்தார். மேலிருந்து கீழாக ஒன்றரை அடிக்கு நூல் பிடித்த மாதிரி ஒரு நேர்க்கோடு தெரிந்தது.

கீழே நின்றவர்களுக்கும் தெரிந்தது. கொத்தனாரின் மனைவி மடித்த துணியை மறுபடி உதறி மறுபடி மடித்தாள்.

"ஒட்டவச்சதுதான் போல இருக்கு" என்றார் சின்னவர் மெதுவாக.

கொத்தனார் கோட்டில் விரலை வைத்துத் தேய்த்து, விரலை முகர்ந்தார். "சிமெண்டு" என்றார். "சுண்ணாம்பு இல்லை. வெள்ளத்துல கூரை போன பிறகு மேல்பக்கத்தை மட்டும் எடுத்துக் கட்டியிருக்கு. கீழ எறங்கறேன், ஏணியை நகத்து."

"நகத்தறேன், நகத்தறேன். கத்தாதீங்க."

இடுப்பு உயரத்தில் உளியை வைத்தார். இங்கே பூச்சு இரும்பு மாதிரி இருந்தது. பத்து அடி, பன்னிரண்டு அடி. நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் இறங்கியது. ஒரு பெரிய வில்லை அப்படியே கழன்று அவர் காலடியில் உடைந்தது. உள்ளே கரும்சிவப்பாக வெந்த கல். ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போயிருந்தது. அதற்குக் கீழே ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து. அதற்குக் கீழே மறுபடி இந்தப் பக்கத்திலிருந்து. அவர் அடித்தளம்வரை உரித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

கரணையை எடுத்துச் சேருமிடத்தில் குத்திப் பார்த்தார். போகவில்லை. வேறு இடத்தில் குத்தினார். போகவில்லை.

ஆபீசம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "சாந்துல ஒரு வழிச்சல் தெரியுதே, எல்லாம் இடப்பக்கமா இழுத்த மாதிரி?"

"எங்கப்பாவுக்கு இடது கை. முன்சுவருலயும் அப்படித்தான் இருக்கும், போய்ப் பாருங்க."

அவள் நிஜமாகவே போனாள். சின்னவரும் போனார். சுற்றிக்கொண்டு திரும்பி வரும்போது இரண்டு பேருடைய முழங்காலிலும் மண் இருந்தது. ஆபீசம்மாளின் முகம் சிவந்திருந்தது. "ஒரே கை" என்றாள். "ஒரே சாந்து. இது ஒட்டவச்சது இல்லை சார். வீட்டோட பிறந்தது." தாளில் ஐந்து என்று இருந்ததை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினாள்.

சின்னவர் கொத்தனாரின் தோளில் தட்டினார். "ஜெயிச்சுட்டீங்களே!"

"எழுதினதைக் காட்டுங்கம்மா" என்றார் கொத்தனார். எழுத்துக் கூட்டிப் படித்து, அது ஆறுதான் என்று பார்த்துக்கொண்ட பிறகே உளியைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் அறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். திங்கட்கிழமை இடிக்க வேண்டியதில்லை. மனைவி அவர் டம்ளரில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டிருந்தாள். "முதல்ல அந்தக் கோடு தெரிஞ்சப்ப உங்க மூஞ்சியைப் பாக்கணுமே" என்று சித்தாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்கக்கா உங்களைப் புடிக்கலைன்னு சொன்னப்பகூட அப்படி இல்லை."

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்?"

"சொன்னா. எனக்குக் கேட்டுச்சு" என்றார் கொத்தனார்.

*

பத்து நாள் கழித்துத் தபாலில் ஆபீஸ் கடிதம் வந்தது. சின்னவரே அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தார். சந்தோஷமாக இருந்தார்.

"நம்ம வீட்டுக்கு முதல் தரம் குடுத்திருக்காங்க கொத்தனாரே. எல்லாம் உங்க அறையாலதான். பெரிய பெரிய வீடெல்லாம் இருக்காம், ஆனா வேலை செஞ்சவங்க குடியிருந்த அறை எங்கயும் மிச்சம் இல்லையாம். எல்லாரும் இடிச்சுட்டாங்களாம். இங்கதான் அடுப்புக் கரியோட அப்படியே இருக்காம். அதனால..." அவர் கடிதத்தைப் பார்த்துப் படித்தார். "'இவ்வறை உள்ளது உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டும். இதனுள் அடுப்பு எரித்தல், ஆணி அடித்தல், குடியிருத்தல் கூடாது.'"

கொத்தனார் கடிதத்தை வாங்கினார். கடைசி வரியில் விரலை வைத்து அவரே ஒரு முறை கூட்டிப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"மத்த அஞ்சு அறையிலயும் ஆளுங்க தூங்கலாமா?"

"அது விருந்தாளிங்க. அதுக்கு அனுமதி இருக்கு."

"சரி."

"கவலைப்படாதீங்க. மோட்டார் ரூம் பக்கத்துல உங்களுக்குப் புதுசாவே ஒரு அறை போட்டுடலாம். சொல்லிட்டேன்னா சொன்னதுதான்."

அவர் சொன்னபடியே செய்தார். கொத்தனார் அதை எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் செங்கல் வந்து இறங்கியது, மணல் வந்தது, சிமெண்டு மூட்டை வந்தது. கொத்தனாருக்கு வழக்கமான தினக்கூலியும் உண்டு. ஒரு செங்கல்லை எடுத்து இன்னொன்றோடு தட்டிச் சத்தம் கேட்டார். நல்ல சத்தம்தான். ஆனாலும் ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் காலை உடைத்துப் பார்த்தார். "உங்க வீட்டுக் கல்லையே நம்பலைன்னா யாரு வீட்டுக் கல்லை நம்புவீங்க?" என்றாள் சித்தாள்.

அடித்தளம் போட்டு மூலையில் முதல் வரி வைத்தபோது சின்னவர் வந்தார். மோட்டார் அறையின் சுவரில் நான்கு கல்லைத் தட்டி எடுத்துப் புதுச் சுவரை அதற்குள் கடிக்கவிடுவதற்காகக் கொத்தனார் உளி பிடித்திருந்தார்.

"அதோட சேக்க வேண்டாம் கொத்தனாரே. ஒட்டினாப்பல தனியா நிக்கட்டும்."

"கடி குடுத்தா நல்லா நிக்கும்."

"தெரியும். ஆனா நாளைக்கு ஒரு காலத்துல எடுக்கணும்னு வந்தா மோட்டார் ரூம் சுவருக்குச் சேதம் ஆயிடக்கூடாது பாருங்க." சின்னவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கார் கதவைப் பார்த்துச் சாத்துங்கள் என்பது மாதிரி.

சித்தாள் சாந்துச் சட்டியோடு நின்றுகொண்டு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். கயிறு பிடித்தார். மோட்டார் அறைச் சுவரை ஒட்டி, அதைத் தொடாமல், முதல் கல்லை வைத்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார். பதினேழு நாளில் கூரை ஏறியது.

அறை நன்றாக வந்தது. மனைவிக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு ஜன்னல். வழுவழுப்பான தரை. உள்ளேயே குழாய், திறந்தால் தண்ணீர். அவள் முதல் நாள் காரணமே இல்லாமல் அதைத் திறந்து திறந்து மூடினாள். புதுக் கட்டில் ஒன்றும் சின்னவர் வாங்கிக் கொடுத்திருந்தார், ஏனென்றால் பழையதை ஆபீசம்மா கேட்டிருந்தாள். கயிற்றுக் கட்டில், ஆணியில் தொங்கிய பை, கரி பிடித்த ஒரு பானை. "எடுத்துக்கட்டும். பானை ஓட்டைதான்" என்றாள் மனைவி. கொத்தனாருடைய பழைய கரணையையும் கேட்டார்கள். அது வேலைக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

*

போர்டு மாட்டிய அன்று நிறைய பேர் வந்திருந்தார்கள். முன்சுவர் பூச்சில்லாமல் கரும்சிவப்பாக நின்றது. எல்லோரும் அதோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூடத்தில் குளிர்பானம் கொடுத்தார்கள். ஆபீசம்மா கொத்தனாரைப் பார்த்துக் கூட்டத்துக்கு நடுவிலிருந்தே கையை ஆட்டினாள். சின்னவர் அடைத்துத் திறந்த கதவைப் பற்றி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி மாடு, இருமல், கடப்பாரை எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஆட்டையும் சேர்த்துக்கொண்டார். ஆடு வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னறை வாசலில், முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. உள்ளே கட்டில், பை, பானை. கரிச்சுவர்மேல் வெளிச்சம் விழுகிற மாதிரி விளக்கு வைத்திருந்தார்கள். கொத்தனாரின் மனைவி அங்கே வந்து நின்று பார்த்தாள். கதவுக்குப் பின்னால் அவளுடைய விளக்குமாறு சாத்தியபடியே இருந்தது. அது கண்ணில் பட்டதும் சேலையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டக் காலை எடுத்து வைத்தாள்.

"உள்ள போகக் கூடாதும்மா" என்றாள் வாசலில் நிறுத்தியிருந்த பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மனைவி காலை எடுத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். "பழக்கதோஷம்" என்றாள். "அந்த விளக்குமாறு நல்ல விளக்குமாறு. பரவாயில்லை, இருக்கட்டும்." குழாயில் வாளியை வைத்துவிட்டு வந்தது நினைவு வந்து புது அறைப் பக்கம் வேகமாகப் போனாள்.

சுவரில் சின்னதாக ஒரு பலகை இருந்தது. கொத்தனார் பக்கத்தில் போய் நின்று கூட்டிப் படித்தார். பணியாளர் அறை. வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டது. இங்கே ஒரு பணியாளர் குடும்பம் வாழ்ந்து வந்தது.

"சார், கொஞ்சம் நகந்துக்கறீங்களா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர். கையில் போன் இருந்தது. "படத்துல நீங்க விழறீங்க."

கொத்தனார் நகர்ந்துகொண்டார்.

சின்னவர் வந்து பக்கத்தில் நின்றார். புதுச் சட்டை போட்டிருந்தார். "இப்ப சந்தோஷமா? நோட்டுல இல்லாதது போர்டுலயே வந்துடுச்சு. உங்கப்பா கட்டினதை இனிமே நானே நெனச்சாலும் இடிக்க முடியாது."

"முடியாதுதான்."

"புது அறை எப்படி? அக்கா ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாங்களே?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன ஒரு மாதிரி பாக்கறீங்க? உங்களுக்கு எதுதான் நம்பிக்கை?"

கொத்தனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறித் திரும்பப் போட்டுக்கொண்டார். "வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குட்டையைச் சுற்றிக்கொண்டு மோட்டார் அறைவரை வந்தார். உள்ளே தண்ணீர் வாளியில் விழுகிற சத்தமும், அக்காளும் தங்கையும் எதற்கோ சிரிக்கிற சத்தமும் கேட்டது. இரண்டு சுவரும் ஒட்டுகிற இடத்தில் நின்றார். தரையிலிருந்து கூரைவரை நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. அவர் போட்டதுதான். நன்றாகவே போட்டிருந்தார். இடுப்பிலிருந்து கரணையை உருவி அதில் வைத்தார். பிடிவரை உள்ளே போனது.

வெளியே எடுத்துத் துண்டில் துடைத்தார். இன்னொரு இடத்திலும் குத்திப் பார்த்தார். அங்கேயும் போனது. கரணையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.